விலை குறைந்த பிரேக், கிளட்ச் லீவர்: வாங்குவதும் மாட்டுவதும்

சென்னையில் லீவர் உடைவது பெரும்பாலும் ஓட்டும்போது அல்ல, வண்டி சும்மா நிற்கும்போதுதான். ரயில் நிலைய ஸ்டாண்டில் நான்கு வண்டி நிற்கும் இடத்தில் ஏழு வண்டியைச் சொருகுவார்கள். யாரோ அவசரமாகத் தன் வண்டியை இழுக்க, பக்கத்து வண்டி சாய, அது அடுத்ததைத் தள்ள, வரிசையின் கடைசி வண்டி தரையில் விழும். அன்றைக்குக் கடைசியாக நின்றது என்னுடையது. சாயங்காலம் வந்து பார்த்தால் கிளட்ச் லீவர் பாதியோடு போயிருந்தது.

மறுநாள் ஒரு கடையில் சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் லீவர் ஜோடி ஒன்றைக் காட்டினார்கள். என் பிரேக் லீவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இருந்தாலும் ஜோடியாகத்தான் வரும் என்றார்கள், பார்க்கவும் நன்றாக இருந்தது, இரண்டையும் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. இறங்கி ஓரங்கட்டினால் முன் டிஸ்க்கிலிருந்து அனல் அடிக்கிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. பிரேக் லீவரின் போல்ட்டைக் கழற்றி லீவரை வெளியே எடுத்த நொடியே சக்கரம் விட்டுவிட்டது. பின் பிரேக்கை மட்டும் நம்பி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். பழைய லீவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. புதியதன் உள்மூக்கு, அதாவது பிரேக்கைத் தள்ளும் உள்முனை, பழையதைவிடச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம். அவ்வளவுதான் கோளாறு.

அதற்குப் பிறகு லீவர் வாங்கப் போனால் விரல் பிடிக்கும் பக்கத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். வேலை நடப்பது மறுமுனையில், ஹேண்டில்பாரில் லீவரைத் தாங்கும் யோக்குக்குள் மறைந்து கிடக்கும் இரண்டு அங்குலத்தில்.

மாற்றத்தான் வேண்டுமா?

வளைந்த லீவரை நிமிர்த்தித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லீவர் அலுமினியக் கலவையால் ஆனது. வளைந்ததைத் திருப்பி வளைத்தால் அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. கிளட்ச் லீவர் என்றால் ஏதோ ஒரு சிக்னலில் கையோடு வந்துவிடும். பிரேக் லீவர் கையோடு வருவதோ நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்தும் நொடியில்தான். லேசான வளைவு, விரலுக்கு எட்டுகிறது, எங்கும் இடிக்கவில்லை என்றால் புதியது வாங்கும்வரை அப்படியே ஓட்டுங்கள். நிமிர்த்துவதைவிட அது மேல்.

நுனி உருண்டை மட்டும் உடைந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அது அழகுக்காக வைத்ததல்ல. விழும்போது லீவர் நுனி ஈட்டி மாதிரி உடம்பில் இறங்காமல் தடுப்பது அந்த உருண்டைதான்.

இனி செலவு. 100 முதல் 150 சிசி வரையான சாதாரண வண்டிகளுக்குக் கம்பெனி லீவரே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பல நேரம் பளபள ஜோடியைவிட அதுதான் மலிவு. மலிவான லீவர் தேடி இரவெல்லாம் போனைத் தடவுகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் போய் விலை கேட்டிருக்கவே மாட்டார்கள்.

வெளி லீவர், அதாவது வண்டிக் கம்பெனி அல்லாத வேறு ஆட்கள் செய்தது, வாங்க எனக்குத் தெரிந்து உருப்படியான காரணம் இரண்டு. ஒன்று, கை சின்னதாக இருப்பது. கம்பெனி லீவர் எட்டாமல் விரல் நுனியால் இழுப்பவர்களுக்கு, கிரிப்புக்கும் லீவருக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் நிஜமாகவே உதவும். என் மனைவி இந்த வண்டியைத் தொட ஆரம்பித்ததே அப்படியொரு கிளட்ச் லீவர் மாட்டிய பிறகுதான். இரண்டாவது, பெரிய வண்டிகளில் கம்பெனி லீவரின் விலை ஆளைத் தூக்கிப்போடுவது. நிறத்துக்காக வாங்குவது அவரவர் இஷ்டம். ஆனால் கிளட்ச் லீவர் சரியில்லை என்றால் கியர் விழாது, எரிச்சல் வரும். பிரேக் லீவர் சரியில்லை என்றால் கதையே வேறு. அதனால் சிக்கனத்தையும் சிங்காரத்தையும் இடது கையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நன்றாக இருக்கும் பிரேக் லீவரை ஜோடிப் பொருத்தத்துக்காகக் கழற்றாதீர்கள்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது

கடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் வண்டி முன்னால் உட்காருங்கள். முன் பிரேக் டிஸ்க்கா, டிரம்மா? டிரம் என்றால் லீவர் ஒரு கேபிளை இழுக்கிறது, ஏறக்குறைய கிளட்ச் மாதிரியே. டிஸ்க் என்றால் லீவரின் மூக்கு, பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனை நேராகவோ ஒரு சின்னக் கம்பி வழியாகவோ தள்ளுகிறது. இரண்டுக்கும் லீவர் வேறு.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேலான வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), 125 சிசி வரையானவற்றுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ்ஸும் (இரண்டு சக்கர பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது) கட்டாயமாயின. அதற்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகள் ஒரே பெயரில் இருந்தாலும் உள்ளே மாஸ்டர் சிலிண்டரோ யோக்கோ மாறியிருக்கலாம். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக்கோடு முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும். அந்த லீவருக்கு வெளிப்பொருள் தேடவே வேண்டாம், கம்பெனியுடையதைப் போடுங்கள்.

அப்புறம் சுவிட்சுகள். பிரேக் லீவருக்கு அடியில் பிரேக் லைட் சுவிட்ச் இருக்கும். பல வண்டிகளில் கிளட்ச் பக்கமும் ஒரு சுவிட்ச் உண்டு. கியரில் நிற்கும் வண்டி கிளட்ச் பிடித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அது இருக்கிறது என்று அர்த்தம். லீவரின் எந்த இடம் சுவிட்சைத் தொடுகிறது என்று போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில்

புதுப் பொருளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, நம் வாயில் ஜி.பி. ரோடு. பழைய பொருளுக்குப் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய லீவரையும் அதன் போல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். உடைந்த நுனி தேவையில்லை, போல்ட் போகும் ஓட்டை உள்ள துண்டு போதும்.

‘எல்லா வண்டிக்கும் சேரும் சார்’ என்று சொல்லும் லீவரை அங்கேயே வைத்துவிடுங்கள். எல்லாருக்கும் சேரும் செருப்பு யாருக்கும் சேராது.

உங்கள் வண்டிக்கு என்று தருவதையும் இப்படிச் சோதியுங்கள். பழைய லீவரையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதே போல்ட்டை இரண்டு ஓட்டையிலும் நுழையுங்கள். போல்ட் தொளதொளவென ஆடக்கூடாது, தட்டித் திணிக்க வேண்டியும் வரக்கூடாது. இப்போது மற்ற இடங்களைப் பாருங்கள். கேபிள் நிப்பிள், அதாவது கேபிள் நுனியிலுள்ள உலோகக் குமிழ், உட்காரும் ஓட்டை இரண்டிலும் ஒரே இடத்தில் வருகிறதா? பிரேக் என்றால் பிஸ்டனைத் தள்ளும் மூக்கு ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிகிறதா? சுவிட்சைத் தொடும் மேடு இருக்கிறதா? யோக்குக்குள் போகும் நாக்கின் தடிமன் ஒன்றா? விரல் பிடிக்கும் பக்கம் எப்படி வேண்டுமானாலும் வேறுபடட்டும். இந்த நான்கு மட்டும் பிசகக்கூடாது.

நிப்பிள் ஓட்டைக்கு ஏன் இவ்வளவு அடம் என்றால், லீவர் ஒரு நெம்புகோல். போல்ட்டிலிருந்து நிப்பிள் 28 மி.மீ. தள்ளி இருந்தது புதியதில் 25 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு லீவரை இழுத்தாலும் கேபிள் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவாகத்தான் நகரும். கைக்கு மெத்தென்று இருக்கும், ‘சூப்பரா இருக்கு’ என்று தோன்றும். ஆனால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. நியூட்ரல் விழாது, கியர் கடகடக்கும், சிக்னலில் வண்டி முன்னே ஊரும். நிப்பிள் தள்ளிப் போயிருந்தால் நேர்மாறு. கிளட்ச் நன்றாகப் பிரியும், மாலை நேர ஓஎம்ஆர் நெரிசலில் மணிக்கட்டு கழன்றுவிடும்.

குட்டை லீவரும் இதே கணக்கில்தான் வரும். இரண்டு விரலால் பிடிக்கும் ஸ்டைல் லீவரில் நெம்பும் நீளம் குறைவு, ஆகவே பலம் அதிகம் தேவை. லேசான கிளட்ச் உள்ள வண்டிக்குச் சரி. 350 சிசி வண்டி வைத்துக்கொண்டு தினம் வடபழனி நெரிசலைத் தாண்டுகிறவர் குட்டை லீவர் வாங்குவது தன் கைக்குத் தானே வைத்துக்கொள்ளும் வினை.

அடுத்து உலோகம். கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள பழைய லீவரைவிடப் புதியது கனமாக இருந்தால் அது அலுமினியம் இல்லை, அனேகமாகத் துத்தநாகக் கலவை. துத்தநாகம் அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அச்சில் வார்த்துப் பெயின்ட் அடித்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டுமே ஒட்டாது. கனம்தான் காட்டிக்கொடுக்கும். அட்டையில் ‘சிஎன்சி’ (கணினி இயந்திரத்தில் கடைந்தது) என்று எழுதியிருப்பதைப் படித்து மயங்காமல் ஓரங்களைத் தடவுங்கள். கட்டி அலுமினியத்தைக் கடைந்து எடுத்த லீவரில் கத்தி ஓடிய மெல்லிய கோடுகள் இருக்கும். வார்த்த லீவரில் நடுவே அச்சு சேர்ந்த தழும்பு ஓடும், உள்பக்கத்தில் ஊசிக்குத்துப் போலக் குழிகளும் இருக்கலாம். வார்ப்பு எல்லாம் மோசமில்லை. கம்பெனி லீவர்களிலேயே வார்த்தவை உண்டு. குழிகள் போல்ட் ஓட்டையைச் சுற்றி இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மடக்கு லீவர் என்றால் மடங்கும் இணைப்பை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆட்டம் இருந்தால் ஆறு மாதத்தில் தாளம் போடும். அட்ஜஸ்டரின் ஒவ்வொரு எண்ணிலும் டக் என்று உட்கார வேண்டும். இரண்டு எண்ணுக்கு நடுவில் தானாக நழுவினால் அது பிரேக்குக்கு ஆகாது.

புதுப்பேட்டையில் கழற்றிய கம்பெனி லீவர் நேராகக் கிடைத்தால், புது டூப்ளிகேட்டை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன். ‘விழுந்த வண்டி லீவர் வேணாம் பாய்’ என்று சொன்னால் கடைக்காரரே சிரித்துக்கொண்டு அடியிலிருந்து வேறொன்றைத் தேடித் தருவார். போல்ட் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறதா, எங்காவது நிமிர்த்திய தடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் மாட்டுவதற்கு முன்பே போல்ட் சோதனையை முடித்துவிடுங்கள். ஒரு கீறல் விழுந்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

கிளட்ச் பக்கம்

தேவையானவை: பெரும்பாலான வண்டிக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ், கொஞ்சம் பனியன் வேஸ்ட். நிழலில் மெயின் ஸ்டாண்ட் போட்டு ஹேண்டிலை நேராக்குங்கள்.

லீவர் பக்கத்தில் கேபிள் நுழையும் இடத்தில் ஓர் அட்ஜஸ்டரும் அதைப் பூட்டும் வளையமும் இருக்கும். வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே முழுக்கத் திருகுங்கள். கேபிள் தளரும். அட்ஜஸ்டரிலும் வளையத்திலும் யோக்கிலும் இருக்கும் பிளவுகளை ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். கேபிள் இன்னும் விறைப்பாக இருந்தால் எஞ்சின் பக்கத்து அட்ஜஸ்டரையும் தளர்த்த வேண்டும். பலவந்தமாக இழுக்காதீர்கள்.

யோக்கின் அடியில் உள்ள லாக் நட்டை முதலில் கழற்றி, பிறகு மேலிருந்து போல்ட்டைத் திருகி எடுங்கள். லீவரை மெதுவாக வெளியே இழுத்தால் கேபிள் பிளவு வழியாக நழுவி நிப்பிள் கழன்றுவரும். கிளட்ச் சுவிட்ச் இருந்தால் அதன் பிளாஸ்டிக் முனை லீவரில் மாட்டிக்கொண்டிருக்கலாம். விரலால் அழுத்திக்கொண்டே எடுங்கள், உடைந்தால் வண்டி கியரில் ஸ்டார்ட் ஆகாது.

கையோடு கேபிளைப் பாருங்கள். நிப்பிளின் கழுத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை இன்றே மாற்றுங்கள். பழைய கிரீஸில் மண்ணும் சேர்ந்து மை மாதிரி ஆகியிருக்கும், வழித்தெடுத்துவிட்டுப் போல்ட்டுக்கும் நிப்பிள் ஓட்டைக்கும் புது கிரீஸ் தடவுங்கள்.

புது லீவரில் நிப்பிளை உட்காரவைத்து விரலால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும். இதை யாரும் பார்ப்பதில்லை, கேபிள் அடிக்கடி அறுவதற்கு இதுதான் காரணம் என்பதும் தெரிவதில்லை. நிப்பிள் சுழலாவிட்டால் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் கேபிளின் கழுத்து மடங்கி நிமிரும், இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஓட்டையில் பெயின்ட் பிசிறு இருந்தால் உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துவிடலாம். ஓட்டையே சின்னது என்றால் லீவரை மாற்றுங்கள்.

லீவரை யோக்கில் நுழைத்துப் போல்ட்டைப் போடுங்கள். போல்ட் லீவரை நெரிக்கக்கூடாது. முறுக்கி முடித்த பிறகும் லீவர் தடையில்லாமல் ஆட வேண்டும். பிறகு மேலே போல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் லாக் நட்டை இறுக்குங்கள். பூட்டுவது நட்டின் வேலை, போல்ட் வெறும் அச்சு. போல்ட் இறுக இறுக லீவர் சிக்குகிறது என்றால் நாக்கின் தடிமன் அதிகம். அரம் எடுக்காதீர்கள், கடைக்கு எடுத்துப் போங்கள்.

கடைசியாக ஃப்ரீ பிளே. லீவர் நுனியைச் சும்மா ஆட்டினால் கேபிள் இழுபடும் முன் நகரும் தூரம் அது. பல வண்டிகளுக்கு நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சொல்கிறார்கள், உங்கள் கையேட்டில் இருப்பதையே வையுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிரிந்தே இருந்து தட்டுகள் கருகும். ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், இடைவெளி மாறக்கூடாது. முடித்ததும் அட்ஜஸ்டரின் பிளவும் யோக்கின் பிளவும் ஒரே கோட்டில் நிற்காதபடி திருப்பிப் பூட்டுங்கள், மேலே பார்த்தபடியும் விடாதீர்கள். ஐப்பசி மழையில் அந்தப் பிளவு வழியாகத்தான் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கும்.

முன் பிரேக் டிரம் என்றாலும் இதே வேலைதான். பிரேக் லைட் சுவிட்சை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.

பிரேக் பக்கம்

டிஸ்க் பிரேக்கில் லீவர் மாற்ற ஆயில் குழாயைத் தொட வேண்டியதே இல்லை. ‘ஆயில் இறக்கி ஏற்றணும்’ என்று யாராவது சொன்னால் அது வேறு வேலைக்கான காசு. லாக் நட், போல்ட், லீவர் என்ற வரிசையில் கழற்றுங்கள். சில வண்டிகளில் சின்ன ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழும், கீழே துணி விரித்துவைப்பது நல்லது. பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பரைக் குத்திவிடாதீர்கள். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் இந்தப் பக்கம் வேண்டாம், பிரேக் ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸை மூக்கிலும் போல்ட்டிலும் ஒரு பொட்டு தடவுங்கள்.

இப்போது என் கத்திப்பாரா கதைக்கு வருகிறேன். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தொட்டியிலிருந்து சிலிண்டருக்குள் திறக்கும் ஊசித்துளை ஒன்று இருக்கிறது. லீவரை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் அந்தத் துளை திறக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆயில் சூடாகி விரியும், விரிந்தது அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். லீவரின் மூக்கு நீளமாக இருந்து பிஸ்டனைச் சற்றே அழுத்தியபடி நின்றால் துளை மூடியே இருக்கும். விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லை, அது பிரேக் பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும். அதில் சூடு கூடும், சூட்டில் ஆயில் இன்னும் விரியும். நீங்கள் பிரேக்கைத் தொடாமலே வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். வீட்டு வாசலில் மாட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சில கிலோமீட்டர் கழித்துத்தான் பிடிக்கும். அதுதான் ஆபத்து.

எனவே லீவரை மாட்டியதும் நுனியை ஒரே விரலால் மெல்ல ஆட்டுங்கள். பிஸ்டனைத் தொடும் முன் துளியாவது சும்மா நகர வேண்டும். அட்ஜஸ்டர் இருந்தால் ஒவ்வொரு எண்ணிலும் இதைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆயில் தொட்டி மூடியைத் திறந்து, கண்ணைத் தள்ளி வைத்துக்கொண்டு, லீவரை மிக மெதுவாக அழுத்துங்கள். தொடக்கத்திலேயே ஆயிலில் சின்னக் கொப்புளிப்பு எழுந்தால் துளை திறந்திருக்கிறது. அசைவே இல்லை என்றால் லீவரைக் கழற்றிவிடுங்கள். தொட்டியைச் சுற்றி ஈரத்துணி போடுங்கள், பிரேக் ஆயில் பட்டால் பெட்ரோல் டேங்க் பெயின்ட் உரியும். மூக்கை அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ராவியது கூடிப்போனால் இடைவெளி பெருகி, லீவர் பாதி தூரம் சும்மாவே வரும்.

இனி பலமாகப் பிடித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். லீவர் கீழிறங்கிக்கொண்டே போகக்கூடாது, அட்ஜஸ்டரின் மிகக் கிட்டத்து எண்ணிலும் கிரிப்பைத் தொடக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் பிடித்து, விடுங்கள். விட்டதும் சக்கரம் முன்போலச் சுற்ற வேண்டும். பிரேக் லைட் லேசாகத் தொட்டதுமே எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தாலும் ஆபத்துதான். நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியாது.

கோணமும் சோதனை ஓட்டமும்

வண்டியில் உட்கார்ந்து முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக நீட்டினால் விரல்கள் லீவர்மேல் படிய வேண்டும். மணிக்கட்டு மடங்கினால் யோக் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புங்கள். மாஸ்டர் சிலிண்டர் கவ்வியில் இரண்டு போல்ட் இருக்கும், பல வண்டிகளில் மேல் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் கீழ் போல்ட்டை இறுக்கச் சொல்வார்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, லீவர் டேங்கையோ கண்ணாடிக் கம்பியையோ தொடவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

முதல் ஓட்டம் உங்கள் தெருவில், நடக்கும் வேகத்தில். பிறகு ஐந்தாறு கிலோமீட்டர், அடிக்கடி முன் பிரேக்கைப் பிடித்தபடி. திரும்பி வந்ததும் மெயின் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். சூடான பிறகும் தாராளமாகச் சுற்றினால் பிரேக் லீவர் தேறிவிட்டது. டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், நான் தொட்ட அடையாளம் இன்னும் விரலில் இருக்கிறது. ஒரு வாரம் கழித்து இரண்டு லாக் நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். திருவான்மியூர், எண்ணூர் மாதிரி கடல்காற்று அடிக்கும் பகுதி என்றால் வருடம் ஒருமுறை போல்ட்டைக் கழற்றி கிரீஸ் வைத்துவிடுங்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் உப்பில் பூத்துப்போனால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க முடியும்.

கழற்றிய பழைய லீவர் நன்றாக இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒரு துணியில் சுற்றி, 10-ஆம் நம்பர் ஸ்பேனரோடு சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள்.  என் வண்டியில் பிரேக் பக்கத்தில் இப்போது ஓடுவது பழைய கம்பெனி லீவர்தான். சிவப்புக் கிளட்ச் லீவரோடு அது பொருந்தவில்லை என்று பையன் தினமும் முணுமுணுக்கிறான்.